நாச்சிமுத்து சைபர்

வாங்கம்மணி, உள்ள வாங்க. செருப்பு அங்கயே கெடக்கட்டும், ஆரும் எடுத்துட்டுப் போக மாட்டாங்க. கையில ஃபைலப் பாத்ததுமே கம்பெனி ஆளுன்னு தெரிஞ்சு போச்சுங்க. விசாரணைக் கமிட்டிங்களா? செரி, உக்காருங்க. மூணு மாசமா நானும் வாசலப் பாத்துட்டேதான் இருக்கறேன். ஆராச்சும் வருவாங்க, நாச்சிமுத்தண்ணா, நடந்தது நடந்து போச்சு, உங்க விழாவ எப்ப வெச்சுக்கலாம்னு கேப்பாங்கன்னு. ஒருத்தன் வரோணுமே. நீங்களும் விழாவப் பத்திப் பேச வரலைன்னு மூஞ்சியப் பாத்தாலே தெரியுது.

ஒரு வரி எழுதிக் குடுக்கோணுமா? அவ்வளவுதானா? "சைபர் வைக்கிற முறை நான் ஏற்படுத்தினது, அந்தப் பொண்ணு அதைத்தான் செஞ்சா." இத எழுதிக் கையெழுத்துப் போட்டா அவளுக்கு வேலை நிக்கும், பேரு நிக்கும். போடலைன்னா, அவளே தப்பா அளந்து அவளே அடிபட்டுக்கிட்டான்னு ஃபைல மூடிப்போடுவாங்க. அதானுங்களே? புரியுதுங்க. எழுதலாம், அதுக்கென்ன அவசரம். ருக்மணீ, காப்பி வெய்யி. அம்மணிக்குச் சர்க்கரை எப்படின்னு கேளு.

மொதல்ல விழாவச் சொல்லிப்போடறேன். அத ஆரும் உங்ககிட்டச் சொல்லியிருக்க மாட்டாங்க. மார்ச்சு முப்பத்தொண்ணு என்ற ரிட்டையர்மெண்டு. சாயங்காலம் நாலு மணிக்குக் கேன்டீன்ல கூட்டம். சால்வை, சந்தன மாலை, கேடயம். கேடயத்துல என்ற பேரப் பொறிச்சே கொண்டாந்துட்டாங்க, ஸ்டோர்ஸ்ல போயி நானே பாத்தேன். நூத்தியிருவது பேருக்கு ஜிலேபி சொல்லியாச்சு. பேச வேண்டியத நாலு பக்கம் எழுதி என்ற சம்சாரம் ருக்மணிகிட்ட ரெண்டு தடவ படிச்சுக் காட்டுனேன். முப்பதாந்தேதி காலைல பத்தரை மணிக்கு இந்த பெனிட்டாப் புள்ள, நீங்க கேக்கற அந்தப் பொண்ணுதான், வண்டிக்கு அடியில காலக் குடுத்துட்டா. விழா ரத்து. ஒரே ஒரு நாள் அம்மணி. ஒரு நாள் பொறுத்திருக்கக் கூடாதா?

நீங்க என்னங்க படிச்சிருக்கறீங்க? வக்கீல் படிப்பா! அப்ப நான் அடியில இருந்தே சொல்லோணும். நம்ம கம்பெனில பண்றது ரெண்டு பேரு உக்காந்துட்டு நேரா மேல எந்திரிச்சுப் பறக்கற வண்டி. எட்டுக் காத்தாடி. படிச்சவங்க ப்ரொப்பல்லர்ம்பாங்க, நாங்க காத்தாடிம்போம். முன்னால நாலு, பின்னால நாலு. அப்பார்ட்மெண்டு மொட்டை மாடியில எறங்கோணும், அதனால நீளத்தக் கொறைன்னு மேல இருந்து உத்தரவு. நீளத்தக் கொறைக்கோணும்னா காத்தாடிய நெருக்கிப் போடோணும். பின்னாடி காத்தாடிய ஒரு முழம் எறக்கி, முன்னாடி காத்தாடியோட வட்டத்துக்கு அடியில கால்வாசி நொழைச்சு உட்டாங்க. ஒவ்வொண்ணும் எத்தன கிலோ தூக்குதுன்னு ஸ்டாண்டுல மாட்டி அளந்து சொல்றது என்ற வேலை. ஸ்டாண்டுக்கு அடியில ஒரு தராசு இருக்கும், அது நெம்பர் காட்டும்.

அந்தத் தராச அளக்கறதுக்கு முன்னால பூஜ்யத்துக்குக் கொண்டாரோணும். அதத்தான் சைபர் வைக்கறதும்போம். மளிகைக் கடைக்காரன் டப்பாவ வெச்சுட்டு ஒரு பட்டன அமுக்கறானுங்களே, அதேதான். எப்ப அமுக்கறதுங்கறதுலதான் விசயமே இருக்குது. நான் மொதல்ல பீளமேட்டுல ஒரு பம்புசெட்டுக் கம்பெனில டெஸ்டிங் பாத்தவன். அங்க வரிசையாப் பெஞ்சு. பக்கத்துப் பெஞ்சுல பத்து எச்.பி. மோட்டார ஓட்டுனான்னா நம்ம பெஞ்சு கிடுகிடுன்னு ஆடும், முள்ளு ஒரு எடத்துல நிக்காது. எல்லாரும் தலையப் பிச்சுக்கிட்டாங்க. நாந்தான் கண்டுபுடிச்சேன். பக்கத்து மோட்டாரு ஓடட்டும், ஆட்டம் ஒரு நெலைக்கு வரட்டும், பொறவு சைபர அமுக்கு. பக்கத்துக்காரன் ஆட்டம் நம்ம கணக்குல வராது. முதலாளி என்ற தோளத் தட்டிக் குடுத்தாரு.

விமானக் கம்பெனிக்கு வந்தும் அதேதான் விதி. முன்னாடி காத்தாடிய ஓட்டு. காத்து ஒரு நெலைக்கு வரட்டும். பின்னாடி தராசுக்குச் சைபர் வை. அப்பறம் பின்னாடி காத்தாடிய ஓட்டு. லேமினேசன் போட்டுச் செவுத்துல மாட்டியிருக்குது, போனீங்கன்னா பாக்கலாம். பசங்க அதுக்கு நாச்சிமுத்து சைபர்னே பேரு வெச்சுட்டானுக. எஞ்சினியருங்களும் அப்படித்தான் சொல்லுவாங்க. "அண்ணா, நாச்சிமுத்து சைபர் வெச்சாச்சுங்களா?" எட்டாவது பெயிலானவன் பேரு பெரிய பெரிய படிப்புப் படிச்சவன் வாயில. பெத்த மகன் என்ற பேர இனிசியலாப் போடறான், அதுல கூட அந்தச் சந்தோசம் இல்லீங்க.

என்னங்க? பம்புசெட்டுல பக்கத்து மோட்டாரு வேற ஆருதோ, இங்க ரெண்டு காத்தாடியும் ஒரே வண்டியில தானே இருக்குதுங்கறீங்களா? அட. அவளும் இதையேதான் கேட்டா. வார்த்தை மாறாமக் கேட்டா. ஆஸ்பத்திரில பாத்துப் பேசிட்டு வந்தீங்களாக்கும்? இல்லீங்களா? செரி, விடுங்க.

தூத்துக்குடிப் புள்ள. அப்பன் ஐஸ் பேக்டரில மூட்டை தூக்கறவன். கெட்டிக்காரின்னு சொல்லித்தான் எடுத்தாங்க, நானும் இல்லைன்னு சொல்லல. ஆனா வந்த ரெண்டாவது மாசமே, நாலு பேரு நிக்கையில வந்து சொல்றா: "சார், ரெண்டு காத்தாடியும் நிக்கையிலயே சைபர் போட்டுப் பாத்தேன் சார். பின்னால உள்ளது அறுவது கிலோ தூக்கணும். அம்பத்தி மூணுதான் தூக்குது. முன்னால உள்ள காத்து அது தலையிலயே விழுது சார். நெருங்க நெருங்கச் சத்தமும் ஊளை மாதிரி கூடுது." நான் சிரிச்சேன். எல்லாரும் சிரிச்சாங்க. நான் சிரிச்சா எல்லாரும் சிரிப்பாங்க, அது ஒரு மரியாதைங்க.

திரும்ப அளன்னேன். அளந்தா. மறுக்காவும் அளன்னேன். முப்பத்தியொரு தடவைங்க. கோவத்துல இல்ல, பழக்கறதுக்கு. புதுசா வர்றவங்கள அடிச்சு வளைச்சாத்தான் நிமுந்து நிப்பாங்க. அம்பத்தி மூணு, அம்பத்தி மூணரை, அம்பத்திரெண்டே முக்கால். எத்தன தடவ அளந்தாலும் அதுக்குள்ளயேதான் சுத்துது. "பாத்தியா, ஒரே மாதிரித் தப்புப் பண்றதுக்கும் ஒரு தெறமை வேணும்"னேன். அதுக்கும் எல்லாரும் சிரிச்சாங்க. அவ நெம்பர எழுதிட்டே இருந்தா.

அப்பறம் ஒரு நாள் நூல் கொண்டாந்தா. சிவப்புக் கம்பளி நூல ஒரு வெரல் நீளத்துக்கு வெட்டி, ஸ்டாண்டுல, காத்தாடியத் தாங்கற கையில, எல்லா எடத்துலயும் ஒட்டி வெச்சா. காத்து எந்தப் பக்கம் போகுதுன்னு நூலு காட்டும். இருநூத்திப் பத்து நூல். ஒரு ஞாயித்துக்கெழமை, மாதாகோயிலுக்குக் கூடப் போகாம, பூராவும் உக்காந்து ஒட்டியிருக்கறா. திங்கக்கெழமை காலைல என்னையத் தனியாக் கூப்புட்டு ஓட்டிக் காட்டுனா. முன்னாடி காத்தாடிக்குக் கீழ இருந்த நூலெல்லாம் நேரா எறங்கிப் பின்னாடி கை மேல படபடன்னு அடிச்சுது. நல்லாத்தான் தெரிஞ்சுது. நெம்ப நல்லாத் தெரிஞ்சுது, கண்ணு தெரியாதவனுக்குக் கூடத் தெரியும்.

நூலக் கோணலா ஒட்டியிருக்கறேன்னு சொல்லி அத்தனையும் பிச்சுப் போடச் சொன்னேன். பிச்சா. ஒண்ணொண்ணாப் பிச்சா, நான் பக்கத்துல நின்னு பாத்துட்டே இருந்தேன். அழுவான்னு பாத்தேன். அழுவல. அதுதாங்க எனக்கு நெம்பக் கோவமாப் போச்சு. பொட்டப்புள்ளைக்கு அத்தன நெஞ்சழுத்தம் ஆகாதுங்க. உங்களச் சொல்லல, நீங்க தப்பா எடுத்துக்காதீங்க.

அன்னிக்கே என்ற கண்ணு முன்னால விதிப்படி அளக்க வெச்சேன். முன்னாடி காத்தாடி ஓடுது, சைபர் வெச்சா, பின்னாடி காத்தாடி ஓடுது.

"என்ன காட்டுது? சத்தமாச் சொல்லு."

"அறுவது சார்."

"எழுது. கையெழுத்துப் போடு."

"சார், இது சரியில்ல சார். ஆளு ஏறப்போற வண்டி சார்."

"உனக்கு ப்ரொபேசன் முடிய இன்னும் எத்தன நாளு இருக்குது?"

போட்டா. அந்தத் தாளுதான் டிசைன் ஆபீஸுக்குப் போச்சு.

என்னங்க, ஃபைலத் தொறந்துட்டீங்க? ஆமா, அந்தத் தாளுதான். என்ற கையெழுத்து இல்லீங்களா? தினமும் ரெண்டு கையெழுத்து இருக்கும், அளந்தவங்களது ஒண்ணு, இன்சார்ஜ் நான் ஒண்ணு. பதினாலு வருசத்துத் தாளையும் பாத்துட்டீங்களா? எல்லாத்துலயும் இருக்குது, இதுல மட்டும் இல்லியா? அது... அன்னிக்குப் பேனா கெடைக்கலீங்க. என்ற பேனாவுல மை தீந்து போச்சு. அவகிட்டப் பேனா இருந்துச்சுதான். அடுத்தவங்க பேனாவுல நான் எழுதறதில்லைங்க, அது சின்ன வயசுல இருந்தே ஒரு பழக்கம். அவ கண்டுபுடிச்சது அவ பேருலயே இருக்கட்டும்னு ஒரு பெருந்தன்மையும்தான். இதையெல்லாம் எழுதிக்கறீங்களா என்ன?

காப்பி வந்துருச்சு. குடிங்க, ஆறிப்போகும்.

முப்பதாந்தேதியச் சொல்றேன். வண்டியக் கயித்துல கட்டி ஒரு ஆள் ஒசரத்துக்குத் தூக்கற நாளு. உள்ள ஆரும் ஏறல, அந்த மட்டுக்கும் நல்லது. நாலு மூலைக்கு நாலு பேரு கயிறு புடிக்கோணும். அவ பேரு லிஸ்டுல இல்லீங்க. அவ கம்ப்யூட்டர் ரூம்புல இருக்க வேண்டியவ. நாந்தான் கூப்புட்டேன். "பின்னாடி தூக்காதுன்னு சொன்ன மகராசி எங்க? வா, பின்னாடிக் கயித்த நீயே புடி. தூக்குதா தூக்கலியான்னு கிட்ட இருந்து பாத்துக்க"ன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. நாளைக்கு ரிட்டையர் ஆகற மனுசன், ஒரு தமாசு பண்ணக் கூடாதுங்களா? அவளும் வந்து கயித்தப் புடிச்சா. வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?

முன்னாடி ஜம்முனு எந்திரிச்சுது. பின்னாடி எந்திரிக்கல. வண்டி நாய் குந்தற மாதிரிப் பின்னாலயே குந்துச்சு. அவ கையக் காட்டிக் கத்துனா, நிறுத்துங்க சார், நிறுத்துங்கன்னு. வாய் அசையறது தெரியுது, சத்தம் கேக்கல. எட்டுக் காத்தாடியும் நெருக்கத்துல ஓடறப்ப வர்ற ஊளைச் சத்தம் இருக்குதே, அதுல மனுசக் கொரல் கேக்காதுங்க. சுவிட்சு என்ற கையிலதான் இருந்துச்சு. எந்திரிக்கும், தானா எந்திரிக்கும்னு ரெண்டு செகண்டு பாத்தேன். மூணு செகண்டுன்னு வெச்சுக்கங்க. அவ முன்னாலயே நான் நிறுத்துனா, அவ சொன்னதக் கேட்டு நிறுத்துனதா ஆயிருமில்லைங்களா? அதுக்குள்ள அது பின்னாலயே நகந்து வந்து அவ மேல எறங்கிருச்சு. எடது காலு. முட்டிக்குக் கீழ எடுத்துட்டாங்க. இன்னொரு காலு நல்லாத்தான் இருக்குதுன்னு கேள்விப்பட்டேன்.

நான் போயிப் பாக்கலீங்க. எனக்கு ஆஸ்பத்திரி வாசம் ஆகாது. ருக்மணி போனா. ஆப்பிள் வாங்கிட்டுப் போனா. வந்ததுல இருந்து என்கிட்டச் செரியாப் பேசறதில்ல. அந்தப் புள்ள என்ன சொல்லி அனுப்புச்சுன்னு கேட்டா, "சார் விழா நல்லா நடந்துச்சான்னு கேட்டுச்சு"ங்கறா. குத்திக்காட்டறா பாத்தீங்களா, அத்தன வலியிலயும்.

எழுதறேன் அம்மணி, எழுதறேன். பேப்பர அங்கயே வெய்யுங்க. என்ற விதிய என்ற விதின்னு எழுதறதுல எனக்கென்ன வெக்கம்? ஊருக்கே தெரிஞ்சதுதானே. ஆனா விதி தப்புன்னு நெனச்சுட்டு நீங்க இந்த வாசலத் தாண்டக் கூடாது. உங்களுக்கு ஒரு நிமிசத்துல காட்டிப்போடறேன். ருக்மணீ, உன்ற மருமக வாங்கிக் குடுத்த தராச எடுத்துட்டு வா. பெரிய தட்டம் ஒண்ணு. உடைக்காத சர்க்கரைப் பாக்கெட்டு இருக்குதுல்ல, ஒரு கிலோ, அதையும் கொண்டா. அந்த டேபிள் ஃபேன இப்படி மேசை மேல வெச்சு மூஞ்சியக் கீழ பாத்துத் திருப்பறேன்.

இப்பப் பாருங்க. தராசு மேல தட்டம். ஃபேன் ஓடுது, காத்து தட்டத்து மேல விழுது. இந்த ஃபேன்தான் முன்னாடி காத்தாடின்னு வெச்சுக்கங்க. என்ன காட்டுது? தட்டத்தோட எடையும் காத்தோட அழுத்தமும் சேந்து ஏதோ ஒண்ணு. நமக்கு அது வேண்டாம். இங்கதான் நாச்சிமுத்து சைபர். அமுக்கிட்டேன். சுத்தமா பூஜ்யம். இப்பச் சர்க்கரைய வெக்கறேன். ஆயிரம்! பாத்தீங்களா அம்மணி, ஒரு கிராம் கூடல, ஒரு கிராம் கொறையல. ஒரு கிலோ சர்க்கரை ஒரு கிலோ காட்டுது. இதுல என்னங்க தப்பு? இதத்தானே முப்பத்தெட்டு வருசமாச் சொல்லிட்டு இருக்கறேன். குடுங்க பேப்பர, இப்பப் போடறேன் கையெழுத்து.

ஏ ருக்மணி, ஏன் ஃபேன நிறுத்துன? சலிச்சு வெச்ச மாவு பறக்குதா? பறந்தாப் பறக்கட்டும், இங்க என்ன நடந்துட்டு இருக்குதுன்னு...

இதென்னங்க. தொள்ளாயிரத்து அறுவது காட்டுது.

சர்க்கரை அதேதானே இருக்குது? ஆரும் தொடலியே? ருக்மணி, போடு ஃபேன. ஆயிரம். நிறுத்து. தொள்ளாயிரத்து அறுவது. தள்ளு, நானே போடறேன். ஆயிரம். ...தொள்ளாயிரத்து அறுவது.

அப்ப அந்த நாப்பது கிராமு...

என்னடி சொல்ற? "காத்து அழுத்துனது மொதல்ல இருந்தே அங்கயேதான் இருந்திருக்குது, நீங்கதான் அத இல்லைன்னு அமுக்கி வெச்சீங்க"ங்கறியா? உன்ன இப்ப ஆரு கேட்டா? அடுப்படியில வேலை இல்லியா உனக்கு? அந்தப் புள்ளையும் இதத்தான் சொல்லுச்சா? ஆப்பிள் குடுக்கப் போனவளுக்குப் பாடம் எடுத்தாளாக்கும். போ உள்ள. போன்னு சொன்னேன்.

சித்த இருங்கம்மணி. தண்ணி குடிச்சுக்கறேன்.

இந்தத் தராசு மலிவுச் சாமானுங்க. ஆன்லைன்ல வாங்குனது. செரி, உங்க பேனாவக் குடுங்க. அட, குடுங்கம்மணி, இன்னிக்கு ஒரு நாளைக்கு அடுத்தவங்க பேனாவுல எழுதறேன். எத்தன வரி எழுதலாம்? மூணு வரி போதும்.

எழுதிட்டேன். என்ற கையெழுத்து உங்களுக்குப் புரியுதோ என்னமோ, நானே படிக்கறேன். "சைபர் வைக்கும் முறையில் குறை ஏதும் இல்லை. அளந்தவர் அதைக் கவனமாகச் செய்யவில்லை. இந்த முறையை யார் ஏற்படுத்தினார்கள் என்பது எனக்குத் தெரியாது." இப்படிக்கு, கே. நாச்சிமுத்து. தேதியும் போட்டிருக்கறேன்.

ஏனுங்க அப்படிப் பாக்கறீங்க? இத்தன நேரம் பேசுனது வாய்ப்பேச்சு. கோர்ட்டு கச்சேரில தாளுதானே பேசும், வக்கீலுக்கு நான் சொல்லித் தரோணுமா? அவ கையெழுத்து அவ தாள்ல இருக்குது, என்ற கையெழுத்து என்ற தாள்ல இருக்குது. அவ சின்ன வயசு, எப்படியும் பொழைச்சுக்குவா. எனக்கு இருக்கறது ஒரு பேருதான். ஆங், கம்பெனிக்குப் போனீங்கன்னா அந்த லேமினேசனச் செவுத்துல இருந்து கழட்டிப்போடச் சொல்லுங்க. பழசாப் போச்சு, பாக்க நல்லா இருக்காது. விழா எப்பங்கறதையும் ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லுங்க. கேடயம் ஸ்டோர்ஸ்ல சும்மாதானே கெடக்குது.

கெளம்பிட்டீங்களா? காப்பிய அப்படியே வெச்சுட்டீங்களே. ருக்மணீ, அம்மணி கெளம்பறாங்க பாரு. வந்து அந்த ஃபேனப் போடு, புழுங்குது. ஃபேனப் போடுன்னா என்ற மூஞ்சியவே பாத்துட்டு நிக்கறா பாருங்க. செரி, நானே போட்டுக்கறேன்.

ஆங். பாருங்கம்மணி, திரும்பிப் பாத்துட்டுப் போங்க. ஆயிரம். செரியா ஆயிரம்.